முறை

ஞாயிறு இரண்டரை மணி.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது.
அருள்மேரி வர இருபது நிமிடமாவது ஆகும்.
அதற்குள் என் அபிப்பிராயங்களைச் சொல்லிவிடுகிறேன்.
அவள் வந்தால் பேச விடமாட்டாள்.

நாலு மணி நேரம் ஓடும் ஆட்டம் எனக்கு ஆகாது.
விதிகளை வாசித்து முடிக்கவே
ஒரு கேன் டீயும் ஒரு சண்டையும் கேட்கிற பெட்டி அது.
ஜெகபரின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து சுமந்துவந்தார்,
தன் துணிமணியைக் குறைத்துக்கொண்டு.
உள்ளே நூற்றுப் பன்னிரண்டு கப்பல்.
எங்கள் ஒன்றுகூட இன்னும் துறைமுகம் தாண்டவில்லை.

எல்லோரும் சேர்ந்து ஜெயிக்கிற ஆட்டமும் வேண்டாம்.
கொள்ளைநோய் பரவுகிறது, கூடித் தடுங்கள் என்பார்கள்.
நடப்பது என்ன?
விசித்ரா விளையாடுவாள்.
மற்ற நாலு பேரும் அவள் காட்டிய கட்டத்தில்
அவள் சொன்ன காயை வைப்போம்.
கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பார்க்கிறவள்,
எங்கள் எல்லோருடைய நகையும் அங்கேதான் இருக்கிறது.
எதிர்த்துப் பேச முடியுமா?

பகடை பிடிக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.
மூளைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்,
எல்லாம் அதிர்ஷ்டம் என்று.
விதைக்கடை மாடியில்
யூரியா மூட்டைமேல் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு
அதிர்ஷ்டத்தைக் கேவலமாகப் பேசாதீர்கள்.
கீழே அதைத்தான் கிலோக் கணக்கில் விற்கிறேன்.

பொய் சொல்லும் ஆட்டத்தில் ஜெகபர் ராஜா.
மாட்டாஸ்பத்திரி உத்தியோகம்,
எந்தச் சீட்டு வந்தாலும்
பசுவுக்கு ஊசி போடுகிற அதே முகம்.
அருள்மேரிக்குக் காது சிவந்துவிடும்.
ஒரே ஒரு தடவை சிவக்காமல் சொன்னாள்:
“கல்யாணப் பேச்சு நின்னதுல எனக்கு வருத்தமே இல்ல.”
பொய் என்று பலகையைத் தட்டும் உரிமை
எல்லோருக்கும் இருந்தது.
யாரும் தட்டவில்லை.

இப்போது இந்தப் புதுப் பெட்டி.
வயல் ஆட்டம்.
பனி பெய்கிற ஏதோ ஊரில் யோசித்தது.
உழு, விதை, அறு, அடுப்பு கட்டு, ஆடு வாங்கு.
“தண்ணி எங்கடா?” என்றான் வைரக்கண்ணு.
இருபத்தெட்டுப் பக்கமும் புரட்டினோம்.
ஆறு இல்லை. வாய்க்கால் இல்லை. மேட்டூர் இல்லை.
அது தானாக வந்துவிடுகிறதாம்.
விசித்ராவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

நாங்களே ஒரு விதி சேர்த்தோம்.
அருள்மேரியின் தையல் டப்பாவிலிருந்து
பன்னிரண்டு நீலப் பொத்தான்கள்.
முதல் நாற்காலி வேண்டியதை எடுத்துக்கொண்டு
மீதியைத் தள்ளிவிடும்.
கடைசி நாற்காலிக்குப் பேர் கடைமடை.

போன வாரம் பகடை போட்டதில்
முதல் நாற்காலி வைரக்கண்ணுக்கு.
இடும்பாவனம் பக்கம் ஏழு மா நிலம் அவனுக்கு.
லாரிப் பட்டறைச் சம்பளத்தில்
அதற்கு இரண்டு தடவை விதை வாங்கிய வருஷம் உண்டு,
என்னிடம்தான், ஒரு தடவை கடனுக்கு.

பன்னிரண்டையும் எடுத்துக்கொண்டான்.
அவன் வயலுக்கு மூன்று போதும்.
மிச்சத்தைக் கைக்குள் மூடிக்கொண்டான்.
“விதியில இருக்குல்ல?”
சிரித்தோம்.
அடுத்த சுற்றிலும் மூடினான்.
அதற்கடுத்த சுற்றில் சிரிப்பு வரவில்லை.
கிரீஸ் ஏறிய அந்த நகங்களையே
எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஜெகபர் தன் காய்ந்த வயலைத் தானே கவிழ்த்து வைத்தான்.

ஜெயித்தவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.
பெட்டியை அடுக்கும்போது எண்ணினால்
பொத்தான் பதினொன்று.

ஹாரன்கள் கேட்கின்றன, கேட் திறந்துவிட்டார்கள்.
வைரக்கண்ணு இன்று சந்தேகம்.
அவர்கள் பக்கம் இந்த வாரம்தான் முறை விடுகிறார்களாம்,
ராத்திரியெல்லாம் மடையில் நின்றிருப்பான்.
ஐந்து நாற்காலியும் போட்டுத்தான் வைத்திருக்கிறேன்.
பன்னிரண்டாவதற்கு
ஒரு கத்தரிப்பூ நிறப் பொத்தான் கிடைத்தது.
அதையும் தண்ணீர் என்றே எண்ண வேண்டும்.
இதில் வாதம் கூடாது.